எந்த இராச்சியம் நம் இராச்சியம்?
வேங்கடத்தடி வாழும் தமிழ்க் குடிகளின் எல்லைக் கதை

நம் காலனியில் ஆண்டுக்கு இருமுறையேனும் எழும் வினா ஒன்றுண்டு. ஓய்வு பெறும் நாள் நெருங்கிய அன்பர் ஒருவரோ, பிள்ளையைப் பள்ளியிற் சேர்க்கும் பருவம் வந்த தாய் ஒருவரோ அவ்வினாவை எழுப்புவர். "இனி இங்கேயே இருந்துவிடுவதா? அந்தப் பக்கம் போய்விடுவதா?" என்பதே அது. அந்தப் பக்கம் என்பது அரக்கோணம், வேலூர், திருவள்ளூர், சென்னை ஆகிய ஊர்களைக் குறிக்கும். அங்குச் சென்றால் நம் மொழியில் மனு எழுதலாம், நம் மொழியிற் பிள்ளை படிக்கும், எவர்க்கும் அஞ்ச வேண்டுவதில்லை என்பர் ஒரு சாரார். திருமலையப்பன் காலடியை விட்டு எங்கே போவது என்பர் மற்றொரு சாரார். இவ்விரு சாராரும் பேசுவது ஒன்றையே. மனிதன் தன் விருப்பப்படி வாழ எந்த அரசின் கீழ் இருத்தல் நலம் என்பதே அவ்விரு சாராரின் பேச்சுக்கும் உட்பொருள்.

யாம் வரலாற்றுப் புலவர் அல்லோம். மெட்ரிகுலேஷன் தேறி, இரயில்வே அலுவலகத்தில் ஏடு எழுதிப் பிழைப்பவர். எனினும் இவ்வினாவுக்கு விடை தேடுவோர் இப்பகுதியின் பழங்கதையைச் சற்று அறிந்திருத்தல் நன்று எனக் கருதி, கற்றவற்றையும் கேட்டவற்றையும் இம்மலரில் தொகுத்துரைக்க முற்பட்டோம்.

அரசை விட்டு அரசு மாறுதல் நம் நாட்டில் புதிதன்று. முடியாட்சிக் காலத்தில் குடிகளுக்கு வாக்குச் சீட்டு இல்லை, சட்டசபையும் இல்லை. வரி மிகுந்தாலோ அதிகாரியின் கொடுமை தாங்காவிட்டாலோ ஊரைக் காலிசெய்து அடுத்த நாட்டெல்லைக்குள் போய்க் குடியேறுவதே அவர்கள் கண்ட வழி. உழுவாரும் நெய்வாரும் போய்விட்டால் கருவூலம் வறண்டுபோம் என்பதை மன்னரும் அறிவர். ஆகவே குடிகளை வருந்தி அழைப்பதும், சில ஆண்டு வரி தள்ளுவதும் அக்காலத்து அரசியலில் வழக்கமாயிருந்தன.

நமக்கு மிக அண்மையான சான்று சென்னப் பட்டினமே. விசயநகர மரபின் பிற்கால மன்னர்கள் சந்திரகிரியிலும் வேலூரிலும் இருந்து ஆண்ட காலம் அது. 1639-ஆம் ஆண்டில் தாமர்ல வேங்கடாத்திரி நாயக்கரிடமிருந்து ஆங்கிலக் கும்பினியார் ஒரு மணல் மேட்டைப் பெற்றனர். அம்மணலில் வந்து குடியேறும் நெசவாளர் முதலியோர்க்கு முப்பதாண்டுக் காலம் சுங்கம் இல்லை என அறிவித்தனர். தறியைத் தூக்கிக்கொண்டு குடும்பம் குடும்பமாக மக்கள் வந்தனர். தமிழரும் தெலுங்கரும் ஒருங்கே வந்தனர். அவர்கள் கும்பினியின் கொடியை விரும்பி வந்தார் என்று கொள்ளுதல் பிழை. வரியில்லாத முப்பதாண்டை நம்பியே வந்தனர்.

அவ்வாறு வந்தவர்களும் அடிமைப்பட்டுக் கிடந்தாரில்லை. 1707-ஆம் ஆண்டில் வலங்கை, இடங்கை வகுப்பாரிடையே தெருவுரிமை பற்றிப் பெரும் பூசல் மூண்டது. அக்காலத்துக் கவர்னர் தாமஸ் பிட்டின் நடவடிக்கையில் மனம் நொந்த வலங்கையார் பலர் கோட்டைப் பட்டினத்தை விட்டு நீங்கிச் சாந்தோமில் போய்த் தங்கினர். வண்ணானும் கூலியாளும் இன்றிப் பட்டினம் திகைத்தது. பேச்சு வார்த்தைக்குப் பின்னரே அவர்கள் மீண்டனர். நான்கு கல் தொலைவு நடந்துபோய் ஓர் அரசைப் பணிய வைத்தார்கள் என்பது நினைக்கத்தக்கது. எல்லை அருகில் இருப்பது குடிகளுக்கு ஒரு வலிமை என்பதும் இதனாற் புலனாகும்.

இனி, பொருளுக்காக அன்றிக் கருத்துக்காகவே நாடு மாறிய ஒருவரைக் கூறாமல் இவ்வரலாறு நிறைவுறாது. 1908-ஆம் ஆண்டில் 'இந்தியா' பத்திரிகையின் மீது ஆங்கில அரசு வழக்குத் தொடுத்து, அதன் பதிவு பெற்ற ஆசிரியராகிய சீனிவாசனைக் கைது செய்தது. சுப்பிரமணிய பாரதியார் பிரெஞ்சியர் ஆட்சியிலிருந்த புதுச்சேரிக்குச் சென்றார். சென்னையில் அச்சிட இயலாததை அங்கு அச்சிட்டார். 1910-இல் அரவிந்தரும், வ. வே. சு. ஐயரும் அவ்வூரையே புகலிடமாகக் கொண்டனர். ஆயினும் அந்த விடுதலை எத்தகையது? பத்திரிகையைப் புதுவையில் அச்சிடலாம். படிப்பவர் இருந்ததோ ஆங்கிலேயர் எல்லைக்குள். ஆங்கில அரசு அதன் நுழைவைத் தடுத்தது. 1910-இல் பத்திரிகை நின்றது. கடிதங்களும் பணமும் வழியில் மறிக்கப்பட்டன. ஒற்றர் தெருவில் நின்றனர். பத்தாண்டுக்குப் பின், 1918 நவம்பரில், எல்லையைக் கடந்த பாரதியார் கடலூரருகே கைது செய்யப்பட்டார். எழுதும் உரிமை கிட்டியது, எழுதியது சென்று சேரும் வழி அடைபட்டது. குடிபெயர்வதால் ஓர் உரிமை கிட்டும்போது மற்றொன்று கைநழுவுதல் உண்டு என்பதற்கு இதனினும் தெளிவான சான்று யாம் அறியோம்.

இவை யாவும் மக்கள் எல்லையைக் கடந்த கதைகள். நம் சித்தூர் ஜில்லாவின் கதையோ வேறு. இங்கு மக்கள் இருந்த இடத்தில் இருந்தனர். எல்லை அவர்களைக் கடந்து சென்றது.

வேங்கடமே தமிழகத்தின் வட எல்லை எனத் தொல்காப்பியத்தின் பாயிரம் கூறுவதை நாம் பள்ளிப் பருவத்திலேயே மனனம் செய்தோம். திருமலைக் கோயிலிலுள்ள கல்வெட்டுகளில் மிகப் பெரும்பாலானவை தமிழிலேயே உள்ளன. மார்கழித் திங்களில் இன்றும் அங்குச் சுப்ரபாதத்தை நிறுத்தித் திருப்பாவை ஓதப்படுகிறது. மறுபுறம், அன்னமாச்சாரியாரின் தெலுங்குக் கீர்த்தனைகள் செப்பேடுகளிற் பொறிக்கப்பட்டுக் கிடைத்ததும் இதே மலையில்தான். எல்லை என்பது இரு மொழியும் கூடுமிடம் என்று கொள்வார்க்கு இதில் வியப்பில்லை. கோடு கிழிக்க விரும்புவார்க்கே இடர்ப்பாடு.

சித்தூர் நகரம் நெடுங்காலம் வடஆர்க்காட்டு ஜில்லாவின் தலைநகராயிருந்தது. 1911-ஆம் ஆண்டில் வடஆர்க்காட்டின் வடபகுதியையும் கடப்பை ஜில்லாவின் மதனப்பள்ளி, வாயல்பாடு தாலுகாக்களையும் சேர்த்துச் சித்தூர் ஜில்லா அமைக்கப்பட்டது. வடஆர்க்காட்டின் தலைமை வேலூருக்குச் சென்றது. அது சென்னை மாகாணத்துக்குள் நடந்த நிர்வாக மாற்றமே. கார்வேட் நகரம், காளத்தி, புங்கனூர் ஜமீன்களில் வாழ்ந்த மக்கள் இதனை ஒரு பொருட்டாகவும் எண்ணியிரார். கலெக்டர் கச்சேரி எந்த ஊரில் இருந்தால் என்ன? ஆனால் அன்று இழுத்த அந்தக் கோடே நாற்பத்திரண்டு ஆண்டுகளுக்குப் பின் இரு இராச்சியங்களைப் பிரிக்கும் கோடாயிற்று.

1952 அக்டோபர் 19-ஆம் நாள் பொட்டி ஸ்ரீராமுலு சென்னை மயிலாப்பூரில் உண்ணாநோன்பு தொடங்கினார். டிசம்பர் 15-ஆம் நாள் உயிர் நீத்தார். நான்கு நாளில், ஆந்திர இராச்சியம் அமைக்கப்படும் என்று பிரதமர் நேரு அறிவித்தார். நீதிபதி வாஞ்சு ஆராய்ந்து அறிக்கை தந்தார். 1953 அக்டோபர் முதல் நாள் பதினொரு ஜில்லாக்களும், பெல்லாரி ஜில்லாவின் ஆலூர், ஆதோனி, ராயதுர்க்கம் தாலுகாக்களும் கூடி ஆந்திர இராச்சியம் உதித்தது. கர்நூல் தலைநகர், பிரகாசம் பந்துலு முதலமைச்சர். தம் மொழியில் தம்மைத் தாமே ஆள வேண்டுமென்ற ஆந்திர மக்களின் வேட்கை நியாயமானது. அதனைக் குறை கூறுவார் எவராயினும் அவர் தமிழாட்சி கோரும் தகுதியை இழந்தவரே.

குறை எங்கிருந்தது எனின், சித்தூர் ஜில்லா முழுவதையும் ஒரே மூட்டையாகக் கட்டி அனுப்பியதில் இருந்தது. திருத்தணியும் அதில் அடங்கிற்று. திருத்தணி, புத்தூர், சித்தூர் தாலுகாக்களில் தமிழர் அடர்ந்து வாழும் ஊர்கள் பல. அவ்வூராரை எவரும் கேட்கவில்லை. ம. பொ. சிவஞானம் அவர்கள் தலைமையில் தமிழரசுக் கழகம் வடக்கெல்லைப் போராட்டத்தை நடத்தியது. சென்னைப் பட்டினத்தைக் காப்பதிலும் அவர் முன்னின்றார். மங்கலங்கிழார் என்னும் ஆசிரியப் பெருந்தகை எல்லையூர்கள்தோறும் நடந்து தமிழ் கற்பித்தவர். கூட்டத்தில் முழங்கியவர் பெயர் நிலைக்கும் அளவுக்குத் திண்ணையில் அகரம் எழுதச் சொல்லித் தந்தவர் பெயர் நிலைப்பதில்லை; ஆனால் ஓர் ஊர் தமிழூர் என்று எண்ணப்பட்டதற்கு அத்திண்ணைகளும் காரணம் என்பது எம் கருத்து. திருத்தணி கே. விநாயகம் அவர்களின் பணியும் பெரிது. பழனிமாணிக்கம், கோவிந்தசாமி என்போர் அப்போராட்டத்தில் உயிர் நீத்தனர்.

பின்னர் 1956 நவம்பரில் ஆந்திரப் பிரதேசம் அமைந்தது. எல்லைப் பூசல் தீரவில்லை. காமராசரும் சஞ்சீவ ரெட்டியாரும் முதலமைச்சர்களாயிருந்த காலத்தில், எச். வி. படாஸ்கர் நடுவராக வந்தார். அவர் கொண்ட முறை எளியது. ஜில்லாவையோ தாலுகாவையோ பாராமல் கிராமத்தை அலகாகக் கொள்வது. அக்கிராமத்தில் பெரும்பான்மை மொழி எது எனக் காண்பது. அது அவ்விராச்சியத்தோடு தொடர்ச்சியாக இருக்கிறதா என நோக்குவது. இதன்படி 1959-இல் பார்லிமெண்டு எல்லை மாற்றச் சட்டம் இயற்ற, 1960 ஏப்ரல் முதல் நாள் அது நடைமுறைக்கு வந்தது. திருத்தணி தாலுகாவின் பெரும்பகுதியும், புத்தூர், சித்தூர் தாலுகாக்களின் சில ஊர்களும் சென்னை இராச்சியத்தைச் சேர்ந்தன. செங்கற்பட்டு ஜில்லாவிலிருந்து சத்தியவேடு முதலிய ஊர்களும் சேலம் ஜில்லாவின் சில ஊர்களும் ஆந்திரத்தைச் சேர்ந்தன. திருப்பதி, சித்தூர், நகரி, புத்தூர், பலமநேர், குப்பம் ஆகியன ஆந்திரத்திலேயே நின்றன.

இம்மாற்றங்களின் விந்தையை உணர, திருத்தணியைச் சற்று நோக்குவோம். 1900-ஆம் ஆண்டில் அவ்வூரிற் பிறந்து ஊரை விட்டே நகராத ஒருவர் 1970 வரை வாழ்ந்திருப்பின், வடஆர்க்காடு, சித்தூர், செங்கற்பட்டு என மூன்று ஜில்லாக்களில் வாழ்ந்தவராவார். சென்னை மாகாணம், சென்னை இராச்சியம், ஆந்திர இராச்சியம், ஆந்திரப் பிரதேசம், மீண்டும் சென்னை இராச்சியம், 1969 முதல் தமிழ்நாடு என ஆறு பெயர்களின் கீழ்க் குடியிருந்தவராவார். வீட்டுத் திண்ணை மட்டும் மாறியிராது. டாக்டர் இராதாகிருஷ்ணன் அவ்வூரிற் பிறந்தவர் என்பதை அறிவோம். அவர் 1952 முதல் 1962 வரை குடியரசுத் துணைத்தலைவராயிருந்த பத்தாண்டுக்குள்ளேயே அவர் பிறந்த ஊர் சென்னையிலிருந்து ஆந்திரத்துக்குப் போய்த் திரும்பிவிட்டது.

கிராமத்தை அலகாகக் கொண்டது நேர்மையான முறையே என்பது எம் துணிபு. ஆயினும் அதிலும் ஓர் இடர் உண்டு. கணக்கெடுப்பவர் வீட்டு வாசலில் நின்று, தாய்மொழி யாது என வினவுவார். தாய் தமிழில் தாலாட்டுவாள். தந்தை சந்தையில் தெலுங்கிற் பேசுவார். பிள்ளை பள்ளியில் இரண்டும் கற்கும். நகரியிலும் புத்தூரிலும் இத்தகைய வீடுகள் எத்தனை! அவ்வீட்டார் வாய்திறந்து கூறிய ஒரு சொல், அச்சொல் எதற்குப் பயன்படப் போகிறது என்றறியாமலே கூறிய ஒரு சொல், அவர்தம் ஊரின் இராச்சியத்தை முடிவு செய்யும் எண்ணிக்கையிற் சேர்ந்தது.

எல்லையை ஒரு மதிலாகக் கற்பனை செய்வோர்க்கு எம் தொழிலிலிருந்து ஒன்று கூறுவோம். ரேணிகுண்டாவிலிருந்து அரக்கோணம் செல்லும் பாதையில் புத்தூர், ஏகாம்பரகுப்பம் கடந்தபின் வேங்கடநரசிம்மராஜுவாரிபேட்டை என்றொரு சிறு நிலையம் வரும். இந்திய இரயில்வேயில் மிக நீண்ட பெயர் தாங்கிய நிலையங்களுள் அது ஒன்று. பெயர்ப்பலகையைப் படித்து முடிப்பதற்குள் வண்டி நகர்ந்துவிடும் என்று எம் அலுவலகத்தில் நகையாடுவது வழக்கம். அடுத்த நிலையம் பொன்பாடி. முன்னது ஆந்திரப் பிரதேசம், பின்னது தமிழ்நாடு. இரண்டுக்கும் இடையே எந்த அதிகாரியும் வண்டியேறி, நீ யார், ஏன் போகிறாய் என்று கேட்பதில்லை. அரசியல் சட்டத்தின் 19-ஆவது விதி இந்நாட்டின் எப்பகுதிக்கும் செல்லவும் எப்பகுதியிலும் வசிக்கவும் குடிகளுக்கு உரிமை தந்துள்ளது. 1639-இல் நெசவாளர் நாயக்கரின் கண்ணுக்குத் தப்பி வர வேண்டியிருந்திருக்கலாம். நாம் பயணச்சீட்டு ஒன்று வாங்கினால் போதும்.

(தனியுரிமை என்றதும் சிலர் நினைவுக்கு வருவது வேறொன்று. 1938-இல் இராஜாஜி அமைச்சரவை மதுவிலக்கைச் சித்தூர் ஜில்லாவுக்கு நீட்டியபோதும், 1995-இல் ஆந்திரத்தில் முழு மதுவிலக்கு வந்து 1997-இல் நீங்கும் வரையும், எல்லையைக் கடப்பதில் தனி ஆர்வம் கொண்ட அன்பர்கள் இருந்தனர். அவர்கள் வரலாற்றை எழுதும் பொறுப்பை வேறொருவர்க்கு விட்டுவிடுகிறோம்.)

செல்வதற்கு உரிமை உண்டு, சரி. சென்றால் நாம் எதனைப் பெறுவோம், எதனை இழப்போம் என்பதே கணக்கு. காலனிவாசிகள் பெரும்பாலும் முன்னதை மட்டுமே எண்ணுகின்றனர்.

இரயில்வே ஊழியராகிய நமக்கு ஒரு வசதி இருந்தது. இரயில்வே மத்திய சர்க்காரினது. 1953-இல் இராச்சிய அரசின் குமாஸ்தாக்களும் ஆசிரியர்களும் இரு அரசுகளுக்கிடையே பங்கிடப்பட்டபோது, இரயில்வேக்காரர் தம் நாற்காலியில் அமர்ந்தபடியே இருந்தனர். நமக்கு மாற்றம் 1977-இல் வந்தது. அவ்வாண்டு அக்டோபர் 2-ஆம் நாள் குண்டக்கல் கோட்டம் தெற்கு இரயில்வேயிலிருந்து தென்மத்திய இரயில்வேக்கு மாற்றப்பட்டது. தலைமையகம் சென்னையிலிருந்து செகந்திராபாத்துக்குச் சென்றது. அப்போது பாகாலாவில் பணியாற்றிய எம் தந்தையாரின் சம்பளச் சீட்டில் தலைப்பு மாறிற்று. குவார்ட்டர்ஸ் எண் மாறவில்லை. குறைகளைச் சொல்லச் சென்னைக்குப் போய்வந்தவர் அதன்பின் செகந்திராபாத்துக்குப் போகத் தெலுங்கில் நான்கு வாக்கியம் கூடுதலாகக் கற்றார். அவ்வளவே.

நம் பிள்ளைகளின் நிலை அத்துணை எளிதன்று. தெலுங்கானா, ஆந்திரப் பகுதிகளிடையே வேலைவாய்ப்புப் பற்றி நிகழ்ந்த பெரும் கிளர்ச்சிகளுக்குப் பின், அரசியல் சட்டத்தில் 371-டி என்னும் விதி சேர்க்கப்பட்டது. அதன்கீழ் 1975-இல் குடியரசுத் தலைவர் ஆணை பிறந்தது. உள்ளூர் வேட்பாளர் எனப்படுவார்க்கு அரசு வேலைகளில் ஒரு பங்கு ஒதுக்கப்பட்டது. உள்ளூரார் யார் என்பதை மொழி கொண்டோ பிறப்பு கொண்டோ அவ்வாணை அளக்கவில்லை. எந்த இடத்தில் தொடர்ந்து படித்தார் என்பதைக் கொண்டே அளந்தது. குறைந்தது நான்காண்டுத் தொடர்ப் படிப்பு என்பது அதன் அளவுகோல்களுள் ஒன்று. இதன் பொருள் யாது? திருப்பதியில் தமிழ்த் தாய்க்குப் பிறந்து இங்கேயே படித்த பிள்ளை முழு உள்ளூரான். அப்பிள்ளையையே தமிழுக்காக வேலூரில் விடுதியில் வைத்துப் படிக்க வைத்துவிட்டு, வேலைக்கு இங்கே மனுப் போட்டால் அவன் அயலான். நல்ல நோக்கத்தோடு பிள்ளைகளை அனுப்பிய குடும்பங்கள் சில இதனைக் காலந்தாழ்ந்தே அறிந்தன.

இன்னும் கடினமான ஒன்றுண்டு. பட்டியல் சாதியார், பழங்குடியார் பட்டியல்கள் இராச்சியந்தோறும் வேறுபட்டவை. ஓர் இராச்சியத்தின் பட்டியலில் உள்ளவர் தாமே விரும்பி வேறோர் இராச்சியத்துக்குக் குடிபெயர்ந்தால், ஆங்கு அச்சலுகையைக் கோர இயலாது. ஆந்திரத்திலிருந்து மகாராட்டிரத்துக்குச் சென்ற குடும்பத்து மாணவர் ஒருவர் வழக்கில் 1990-இல் உச்ச நீதிமன்றம் இவ்வாறே தீர்த்தது. ஆகவே, நம் காலனியில் இரு குடும்பங்கள் ஒரே நாளில் அரக்கோணத்துக்கு வீடு மாற்றினாலும், இருவர்க்கும் கிட்டும் விடுதலை ஒன்றாகாது. ஒருவர்க்கு அது ஊர் மாற்றம். மற்றவர்க்கு மூன்று தலைமுறை முயன்று பெற்ற ஏணியின் படி. வழி சொல்லும் பெரியவர்கள் எல்லார்க்கும் ஒரே வழியைச் சொல்லுதல் தகாது.

ரேஷன் பற்றிய அச்சம் மட்டும் பெரிதும் நீங்கியுள்ளது. எந்த இராச்சியத்திலும் பங்கைப் பெறும் திட்டத்தில் 2022-க்குள் எல்லா இராச்சியங்களும் சேர்ந்துவிட்டன.

எல்லைக்கு அப்பால் சென்ற தெலுங்கர் கதையையும் நாம் அறிதல் முறை. ஓசூரிலும் கிருஷ்ணகிரியிலும் திருத்தணிப் பக்கத்திலும் தலைமுறை தலைமுறையாகத் தெலுங்கு பேசுவோர் உளர். 2006-இல் தமிழ்நாட்டில் தமிழ் கற்றற் சட்டம் இயற்றப்பட்டு, முதல் வகுப்புத் தொடங்கிப் படிப்படியாகத் தமிழ் கட்டாயப் பாடமாயிற்று. முதல் அணி மாணவர் பத்தாம் வகுப்புத் தேர்வை நெருங்கியபோது, மொழிச் சிறுபான்மையினர் தம் தாய்மொழித் தாளை எழுத அனுமதி வேண்டிச் சென்னை உயர் நீதிமன்றத்தை நாடினர். தமிழ்நாட்டில் தமிழ் கற்பிப்பதை நாம் குறை கூறோம். குறை கூறவும் மாட்டோம். ஆயினும் இங்கே நகரியில் ஒரு தமிழ்த் தாய் தலைமையாசிரியர் அறையின் முன் நின்று கேட்பதையே, அங்கே ஒரு தெலுங்குத் தாய் நின்று கேட்கிறாள் என்பதை மறத்தலும் ஆகாது. இருவரும் இடம் மாறிக்கொண்டால் தீரும் என்பது படாஸ்கர் கணக்கு போன்றது. ஊருக்குப் பொருந்தும், வீட்டுக்குப் பொருந்தாது.

தெரிந்துகொள்ளும் உரிமையே இன்றி இடம் மாற்றப்பட்டவர் கதை இலங்கையில் நிகழ்ந்தது. 1948-ஆம் ஆண்டின் குடியுரிமைச் சட்டத்தால் தோட்டத் தமிழர் பெரும்பாலோர் நாடற்றவராயினர். 1964 அக்டோபரில் சிறிமாவோ அம்மையாரும் சாஸ்திரியாரும் செய்த ஒப்பந்தம் 5,25,000 பேரை இந்தியாவுக்கும் 3,00,000 பேரை இலங்கைக்கும் என எண்ணிப் பிரித்தது. எஞ்சிய 1,50,000 பேரைப் பற்றிப் பின்னர்ப் பேசலாம் என விட்டது. தேயிலைக் கொழுந்து பறித்த கைகளை இரு பிரதமர்கள் எண்ணினர். அம்மக்களோடு ஒப்பிட, பொன்பாடிக்குப் பயணச்சீட்டு வாங்கவும் வாங்காமலிருக்கவும் வல்ல நாம் நற்பேறு பெற்றவரே.

வாங்காமலிருத்தல் என்றோம். இதுவே இக்கட்டுரையில் யாம் அழுத்திக் கூற விழைவது. போகும் உரிமையைப் பேசுவோர் பலர்; இருந்த இடத்தில் இருந்தபடி நம் மொழியோடு வாழும் உரிமையைப் படித்துப் பார்த்தோர் சிலரே. அரசியல் சட்டத்தின் 29, 30-ஆவது விதிகள் சிறுபான்மையோர் தம் மொழியைப் பேணவும் கல்விக்கூடங்கள் அமைக்கவும் உரிமை தருகின்றன. 1956-இல் ஏழாவது திருத்தத்தால் 350-ஏ, 350-பி விதிகள் சேர்க்கப்பட்டன. முன்னது தொடக்கப் பள்ளியில் தாய்மொழிக் கல்விக்கு வசதி செய்ய இராச்சியங்களைப் பணிக்கிறது. பின்னதன்படி மொழிச் சிறுபான்மையோர்க்கென ஒரு கமிஷனர் நியமிக்கப்பட்டார். அதே ஆண்டு மத்திய சர்க்கார் வெளியிட்ட குறிப்பில், ஓரிடத்து மக்களில் நூற்றுக்குப் பதினைந்து முதல் இருபது பேர் ஒரு சிறுபான்மை மொழி பேசுவாராயின் முக்கிய அறிவிப்புகளை அம்மொழியிலும் வெளியிடுதல் நலம் எனக் கூறப்பட்டது.

இவற்றுக்கெல்லாம் முன்னதாக, 1949 ஆகஸ்டில் மாகாணக் கல்வியமைச்சர்கள் மாநாட்டில் ஒரு விதி ஏற்கப்பட்டது. ஒரு பள்ளி முழுவதிலும் நாற்பது பிள்ளைகளோ, ஒரு வகுப்பில் பத்துப் பிள்ளைகளோ ஒரு சிறுபான்மை மொழியினராயிருப்பின், தொடக்க நிலையில் அம்மொழியிற் கற்பிக்க ஓர் ஆசிரியரையேனும் அமர்த்த வேண்டும் என்பது அது. இவ்விதியின் உயிர் எண்ணிக்கையில் உள்ளது. பத்துக்கு ஒன்பது இருந்தால் ஆசிரியர் இல்லை. ஆசிரியர் இல்லையென்று இரு குடும்பங்கள் எல்லையைக் கடந்தால் ஒன்பது ஏழாகிறது, பிறகு ஐந்தாகிறது. போனவர்க்கு விடுதலை கிட்டியதோ இல்லையோ, இருந்தவர் வகுப்பு மூடப்படுகிறது. ஒரு குடும்பத்தின் உரிமை மற்றொரு குடும்பத்தின் உரிமையை இவ்வாறு தொடுவதனைச் சட்டப் புத்தகம் சொல்லாது. வருகைப் பதிவேடு சொல்லும்.

சித்தூர் ஜில்லாவில் தமிழ் வழிப் பள்ளிகள் இன்றும் உள்ளன. ஆந்திர அரசு தமிழில் பாடநூல் அச்சிட்டு வழங்கி வருகிறது. 1954-இல் திருப்பதியில் தோன்றிய ஸ்ரீ வேங்கடேசுவரா பல்கலைக்கழகத்தில் தமிழ்த்துறை உண்டு. 1997-இல் குப்பத்தில் திராவிடப் பல்கலைக்கழகம் தென்னாட்டு மொழிகளுக்கெனவே நிறுவப்பட்டது. 2022 ஏப்ரலில் பழைய ஜில்லா பிரிக்கப்பட்டுத் திருப்பதி தனி ஜில்லா ஆயிற்று. கோடு மீண்டும் ஒருமுறை நகர்ந்துள்ளது; ஆகவே முன்பு சித்தூர்க் கச்சேரிக்கு அனுப்பிய மனுக்களை இனித் திருப்பதிக்கே அனுப்ப வேண்டும்.

வரும் ஜூன் மாதத்தில் பள்ளிகள் திறக்கும். நம் காலனியிலும் சுற்றுப்புறத்திலும் முதல் வகுப்பிற் சேரும் வயதுள்ள தமிழ்ப் பிள்ளைகளின் பெயரைத் தொகுக்கச் சங்கச் செயற்குழு இசைந்துள்ளது. இவ்வாண்டு பணி மாற்றம் பெற்றோ விரும்பியோ அந்தப் பக்கம் செல்ல எண்ணும் குடும்பத்தாரும் தம் முடிவை ஏப்ரல் மாதத்துக்குள் தெரிவித்தால் பட்டியல் பொய்க்காது. இதுவரை பதிந்த பெயர்கள் எட்டு. ஏடு சங்க நூலகத்தில், செய்தித்தாள் மேசையின் இடப்புற இழுப்பறையில் உள்ளது. ஞாயிறு மாலை ஐந்து மணி முதல் ஏழு மணி வரை யாம் ஆங்கிருப்போம்.